பைலட்டுகள் சேர்ந்து சம்பளம் பேசுவது எப்படி?

அப்பா பாம்பன் தெற்குவாடியில் விசைப்படகுக்குப் போனவர். கரைக்கு வந்ததும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து, எல்லார் முன்னாலும் பங்கு பிரிப்பார்கள். யாருக்கு எவ்வளவு என்பதில் ஒளிவுமறைவு கிடையாது. நான் கோ-பைலட். பக்கத்து சீட்டில் இருப்பவர் என்ன வாங்குகிறார் என்று தெரியாமலே எனக்கு ஐந்து வருடம் ஓடிவிட்டது. கொரோனா சமயத்தில் நம் சம்பளம் இவ்வளவு சுலபமாகக் குறைந்ததற்கு இந்த மறைப்புதான் பெரிய காரணம். அதனால் முதலில் கணக்கைத் திறந்து வையுங்கள்.

நான்கைந்து பேர் உட்கார்ந்து, 2019 பே ஸ்லிப்பையும் இப்போதைய பே ஸ்லிப்பையும் அருகருகே வையுங்கள். மொத்தத் தொகை ஏமாற்றும். பறந்தாலும் பறக்காவிட்டாலும் உறுதியாகக் கிடைக்கும் மணிநேரம் எத்தனை, அதற்கு மேல் மணிக்கு எவ்வளவு, வெளியூரில் தங்கினால் என்ன படி என்று தனித்தனியே எழுதுங்கள். 2020-ல் கொரோனா சமயத்தில் என் உறுதி மணி 70-லிருந்து 40 ஆனது. மணிக்கான தொகை மாறாததால் பலர் கவனிக்கவே இல்லை. வீட்டுத் திண்ணையில் நோட்டில் கழித்துப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. அந்த மாதக் கடன் தவணைக்கு அம்மாவின் வளையல் ராமநாதபுரத்தில் அடகுக்குப் போனது. விமானங்கள் பழையபடி பறக்க ஆரம்பித்த பிறகும் அந்த 30 மணி திரும்பி வரவில்லை.

அப்புறம் சங்கம். பதிவு செய்ய 7 பேர் விண்ணப்பித்தால் போதும். ஆனால் நிறுவனத் தொழிலாளர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், எது குறைவோ அத்தனை உறுப்பினர்கள் வேண்டும். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி, பல சங்கங்கள் இருந்தால் 51 சதவீதம் பேரை வைத்திருக்கும் சங்கம்தான் நிர்வாகத்தோடு பேச முடியும். யாருக்கும் அது இல்லையென்றால், குறைந்தது 20 சதவீதம் உள்ள சங்கங்கள் சேர்ந்து குழுவாகப் பேசலாம். பைலட்டுகள் மட்டும் சேர்ந்தால் சங்கம் பதியலாம், ஆனால் பேசுவதற்கான இந்தச் சதவீதம் வராது. கேபின் க்ரூவிடமும் இன்ஜினியர்களிடமும் இன்றே பேச ஆரம்பியுங்கள். நாம் அவர்களை மதிக்காமல் இருந்தது பெரிய தப்பு.

“நீங்கள் அதிகாரிகள், தொழிலாளர்கள் இல்லை” என்று நிர்வாகத்தில் சொல்வார்கள். சட்டத்தின் வரையறையில் தொழில்நுட்ப வேலையும் உண்டு. ஒரு நாள் முழுக்க நீங்கள் செய்யும் வேலையை எழுதி, தொழிலாளர் வழக்கறிஞரிடம் கொடுங்கள்.

கோபத்தில் எல்லாரும் ஒரே நாளில் லீவு போட்டுவிடாதீர்கள். பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம்தான். நோட்டீஸ் கொடுத்து 14 நாள் கழியாமல் வேலைநிறுத்தம் செய்தால் சட்டவிரோதம். ஊரில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன்பே அரிசி பருப்பு வாங்கிப் போடுவது போல, இரண்டு மாதத் தவணையை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசப் போங்கள்.

பேசும்போது சம்பளத்தோடு தூக்கத்தையும் சேர்த்துக் கேளுங்கள். 2009-ல் அமெரிக்காவின் பஃபலோ அருகே 50 பேர் இறந்த விமான விபத்தில், அந்தக் கோ-பைலட் குறைந்த சம்பளக்காரர். சியாட்டிலில் பெற்றோர் வீட்டில் இருந்தவர், இரவெல்லாம் பயணம் செய்து நியூவார்க்கில் டியூட்டிக்கு வந்திருந்தார்.

கோரிக்கைக் கடிதத்தில் முதல் கையெழுத்து யாருடையது என்றுதான் நிர்வாகத்தில் தேடுவார்கள். பெயர்களை அகர வரிசையில் அடித்து, எல்லாரும் ஒரே நாளில் கையெழுத்துப் போடுங்கள்.