கேஷுவாலிட்டி வாசலில் "முதலில் அட்வான்ஸ் கட்டுங்க" என்றால்

அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கிறோம், கவுன்ட்டரில் "பணம் கட்டிட்டு வாங்க" என்கிறார்கள், இல்லையென்றால் "இது போலீஸ் கேஸ், ஜி.எச்.சுக்குக் கொண்டுபோங்க". அங்கே நின்று பில்லிங் ஆளிடம் சண்டை போடாதீர்கள். நேராக டூட்டி டாக்டரிடம் போங்கள், ஏனென்றால் கடமை அவருக்குத்தான். "உயிருக்கு ஆபத்தா இருக்கு, முதல்ல ஸ்டெபிலைஸ் பண்ணுங்க, பேப்பர் வேலையை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொன்னால் போதும்.

இதற்குப் பின்னால் இருப்பது 1989இல் உச்ச நீதிமன்றம் பரமானந்த் கட்டாரா வழக்கில் சொன்ன தீர்ப்பு. அடிபட்ட ஸ்கூட்டர்காரர் ஒருவரை, போலீஸ் கேஸ் பார்க்க அனுமதி பெற்ற மருத்துவமனைக்குப் போகச் சொல்லி சுமார் 20 கிலோமீட்டர் அனுப்பினார்கள், அவர் வழியிலேயே இறந்துபோனார். அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, உயிரைக் காப்பதுதான் முதல் வேலை, எந்தச் சட்ட நடைமுறையும் அதற்குக் குறுக்கே நிற்காது என்றது நீதிமன்றம். எஃப்.ஐ.ஆர். வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது, போலீசுக்குத் தகவல் சொல்வது மருத்துவமனையின் வேலை.

மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்துவதற்கென்று வந்த, வாட்ஸ்அப்பில் சுற்றும் 2010ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தை இங்கே காட்டாதீர்கள், தமிழ்நாட்டுக்கு 1997ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பு எல்லா மாநிலத்துக்கும் பொருந்தும்.

ஒன்றை மட்டும் தப்பாகப் புரிந்துகொள்ள வேண்டாம். முழுச் சிகிச்சையும் இலவசம் என்று யாரும் சொல்லவில்லை. ரத்தத்தை நிறுத்துவது, மூச்சுக்கு வழி செய்வது, நிலைமையைக் கட்டுக்குள் கொண்டுவருவது, வசதி இல்லையென்றால் என்ன செய்தோம் என்று எழுதி வேறிடத்துக்கு அனுப்புவது, இவ்வளவுதான் கட்டாயம். பில் பிறகு வரும். சாலை விபத்து என்றால் அதற்கும் வழி உண்டு: 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் தருகிறது, வெளிமாநிலத்தவருக்கும் சேர்த்து. 2025 மே மாதம் வந்த மத்தியத் திட்டத்தில் 7 நாள் வரையிலான சிகிச்சைக்கு அதிகபட்சம் ஒன்றரை லட்சம் ரூபாய். பாலியல் வன்முறைக்கும் ஆசிட் வீச்சுக்கும் ஆளானவர்களுக்கு அரசு, தனியார் எல்லா மருத்துவமனையும் உடனடியாக இலவசமாகப் பார்க்க வேண்டும், மறுத்தால் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை.

தூக்கிக்கொண்டு வந்தவர் நீங்கள் வெறும் வழிப்போக்கர் என்றால், உங்கள் பெயரையும் போன் நம்பரையும் கொடுத்தே தீர வேண்டும் என்று யாரும் வற்புறுத்த முடியாது. தாராளமாகக் கிளம்பலாம்.

அவ்வளவும் சொல்லியும் மறுக்கிறார்களா? "ஏன் பார்க்க முடியாதுன்னு எழுதிக் குடுங்க" என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள், இல்லாத பெட் திடீரென்று வந்துவிடுவதும் உண்டு. வரவில்லையென்றால் வாதாடி நேரத்தைக் கொல்லாமல் 108ஐக் கூப்பிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள், போகும்போதே நேரத்தையும் மறுத்தவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். புகாரை மாவட்டத்தின் மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடமும் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலிலும் பிறகு கொடுக்கலாம். பணம் கட்டிய சிகிச்சை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுக்குள் போக வேண்டும். சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும், எழுத்தில் கேளுங்கள். விபத்து என்றால் ஏ.ஆர். நம்பரை, அதாவது மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு எண்ணை, கையோடு வாங்கிவிடுங்கள், இன்சூரன்ஸுக்கு அலையும்போதுதான் அதன் அருமை தெரியும்.