அரியமான் கடலில் நாயோடு பேடில் போர்டு

எங்கள் மணி நாட்டு நாய், 18 கிலோ. கடலுக்குக் கொண்டுபோகும் முன் ஒரு வாரம் பேடில் போர்டை, அதாவது மேலே ஏறித் துடுப்பு போட்டு ஓட்டும் பலகையை, வீட்டு முற்றத்தில் போட்டு, அதன்மேல்தான் சோறு வைத்தேன். ஏறு, உட்கார், இறங்கு என்ற மூன்றும் தரையிலேயே பழகட்டும். இதில் அவசரமே கூடாது.

பலகை 11 அடி நீளமும் 33 அங்குல அகலமும் இருந்தால் அவ்வளவாக ஆடாது. நாய்க்கு முதுகில் கைப்பிடி உள்ள லைஃப் ஜாக்கெட் கட்டாயம். விழுந்தால் அந்தப் பிடியைத் தூக்கித்தான் ஏற்ற முடியும். பலகைக் கயிறு உங்கள் காலில். நாயைப் பலகையோடு கட்டவே கூடாது.

தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அரியமான் இருக்கும் பாக் விரிகுடா குளம்போலக் கிடக்கும். ஆனால் அந்தக் காற்று கரையிலிருந்து கடலுக்குள் வீசுவது. ஒருமுறை நானும் மணியும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்விட்டோம். திரும்புவதற்குள் கை ஓய்ந்துவிட்டது. அதனால் காற்று வலுக்கும் முன், விடிந்ததும் இறங்கி, எட்டு மணிக்குள் கரையேறிவிடுங்கள். இடுப்பளவு ஆழம் போதும். வாடைக் காலத்தில் இந்தப் பக்கம் வேண்டாம்.

மணலில் திருக்கை படுத்திருக்கும், காலைத் தேய்த்தே நடங்கள். சொறி மீன் (ஜெல்லி மீன்) மிதந்தால் அன்றைக்கு வீடு திரும்புங்கள்.

முதலில் மண்டியிட்டே துடுப்பு போடுங்கள், நாய் உங்களுக்கு முன்னால். பத்து நிமிடம் போதும். அப்புறம் நல்ல தண்ணீர் கொடுங்கள். தாகத்தில் கடல்நீரைக் குடித்தால் வாந்தி, பேதிதான். வீட்டில் உப்புப் போகக் குளிப்பாட்டி, காதுகளைத் துடைத்துவிடுங்கள்.