சிங்கப்பூரில் சாஸ் ஏற்கும் குடும்ப மருத்துவரைத் தேடுவது எப்படி?

"மெடிஷீல்டு லைஃப் இருக்கே, அதைக் காட்டினா கிளினிக்ல காசு வாங்க மாட்டாங்கதானே?" புதிதாகக் குடியுரிமை வாங்கியவர்கள் இதை அடிக்கடி கேட்கிறார்கள். வாங்குவார்கள். மெடிஷீல்டு லைஃப் முக்கியமாக ஆஸ்பத்திரியில் படுக்கும்போது வரும் பெரிய பில், டயாலிசிஸ், புற்றுநோய் சிகிச்சை போன்றவற்றுக்கான காப்பீடு. காய்ச்சலுக்குப் புளோக்கின் கீழே இருக்கிற டாக்டரைப் பார்த்தால் அது ஒரு காசும் தராது.

அங்கே கை கொடுப்பது சாஸ், அதாவது சமூகச் சுகாதார உதவித் திட்டம். இது காப்பீடு இல்லை, அரசு மானியம். பிரீமியம் கட்ட வேண்டாம். 2012இல் இந்தப் பெயரில் தொடங்கியது, 2019 நவம்பரிலிருந்து வருமானம் எவ்வளவு இருந்தாலும் குடியுரிமை உள்ள எல்லாரும் விண்ணப்பிக்கலாம். ஆகவே "இந்த கிளினிக்கில் சாஸ் எடுப்பார்களா?" என்று கேட்டால் மட்டும் போதாது. விண்ணப்பித்தால் கிடைக்கும் என் சாஸ் அட்டை என்ன நிறம், எனக்கு என்ன வியாதி, இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எவ்வளவு கழியும் என்று தெரியும்.

முதலில் அட்டையின் நிறம்

வீட்டில் ஒரே முகவரியில் இருக்கும் குடும்பத்தாரின் மொத்த மாதச் சம்பளத்தைத் தலைக்கணக்கில் வகுப்பார்கள். தலைக்கு 1,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை நீலம், 2,300 வரை ஆரஞ்சு, அதற்கு மேல் பச்சை. "நாங்க ரெண்டு பேரும் சம்பாதிக்கிறோம், எங்களுக்கெல்லாம் எங்கே நீலம் கிடைக்கப்போகுது" என்று விண்ணப்பமே போடாமல் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. கணவருக்கு 4,500, மனைவிக்கு 3,600 என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூட அத்தையும் மாமாவும் இரண்டு பிள்ளைகளும் இருந்தால் 8,100ஐ ஆறால் வகுக்கணும், தலைக்கு 1,350. நீலம்! கூட்டுக் குடும்பமாக இருக்கிற நம் ஆட்கள் கண்டிப்பாக ஒருதடவை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கணும்.

சிங்பாஸ் (அரசின் இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) இருந்தால் சாஸ் இணையத்தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். இணையம் ஒத்துவராதவர்களுக்குச் சமூக மன்றத்திலும் பலதுறை மருந்தகத்திலும் தாள் படிவம் இருக்கும். முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறை அட்டை (மூத்த தலைமுறையினருக்கு அரசு தந்த சலுகை அட்டைகள்) வைத்திருக்கும் பெரியவர்கள் தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை, அந்த அட்டைக்கே சாஸ் சலுகை உண்டு, அதுவும் நீலத்தைவிடக் கூடுதலாக.

அப்புறம் கிளினிக்

சாஸ் தளத்திலேயே கிளினிக் தேடும் பக்கம் இருக்கிறது, அஞ்சல் குறியீட்டைப் போட்டால் பக்கத்தில் இருப்பவை வரும். பல் கிளினிக்கும் அதே தளத்தில்தான் இருக்கும், மருத்துவக் கிளினிக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இரண்டு மூன்றைக் குறித்துக்கொண்டால் போதும். தமிழ் பேசும் டாக்டர்தான் வேண்டும் என்று தேக்கா (லிட்டில் இந்தியா) வரைக்கும் போகிறவர்கள் உண்டு. இங்கிலீஷில் வலியைச் சொல்லத் தடுமாறும் பாட்டி தாத்தாவுக்கு அது சரிதான். மற்றவர்களுக்கு, 39 டிகிரி காய்ச்சலில் எம்ஆர்டி ரயில் ஏறிப் போகணுமா என்று யோசியுங்கள்.

போன் போடாமல் போகாதீர்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிவிடுகிறார்கள். சாஸ் கிளினிக் என்றாலும் கட்டணத்தை அந்தந்த கிளினிக்தான் வைக்கிறது, அரசு தருவது கழிவு மட்டும். ஒரே புளோக் வரிசையில் இரண்டு கிளினிக் இருந்தால் இரண்டிலும் ஒரே பில் வரும் என்று சொல்ல முடியாது. கவுண்டரில் இருப்பவரிடம் நேராகவே கேளுங்கள்: சாதாரணக் காய்ச்சல் சளிக்கு மருந்தோடு சேர்த்து ஏறக்குறைய எவ்வளவு வரும்? இரவிலும் ஞாயிற்றுக்கிழமையும் கூடுதல் கட்டணம் உண்டா? சர்க்கரை, பிரஷர் மாத்திரை இருப்பில் இருக்கிறதா? மெடிசேவ் (மருத்துவச் செலவுக்கென்று மத்திய சேமநிதியில் இருக்கும் சேமிப்பு) எடுப்பீர்களா? ஹெல்தியர் எஸ்ஜியில் (ஒரே குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளும் அரசுத் திட்டம்) இருக்கிறீர்களா? அவர் எரிச்சல்பட்டால் அதுவும் ஒரு தகவல்தான், வருடக்கணக்கில் போகப்போகும் இடம் ஆயிற்றே.

போகும்போது அடையாள அட்டையை எடுத்துப் போங்கள். பதிவு செய்யும்போதே "சாஸ் இருக்கு" என்று சொல்லிவிடுங்கள், பில் போட்ட பிறகு சொன்னால் வீண் அலைச்சல்.

பில்லை எப்படிப் படிப்பது

காய்ச்சல், இருமல் போன்றவற்றுக்கு நீல அட்டைக்கு ஒரு தடவைக்கு 18.50 வெள்ளி வரை கழியும், ஆரஞ்சுக்கு 10 வெள்ளி. பில் 45 வெள்ளி என்றால் நீலத்துக்கு 26.50 கட்டுவீர்கள். பச்சைக்கு இந்த வகையில் ஒன்றும் கிடையாது, அங்கே போய் நின்றுகொண்டு கவுண்டர்க்காரரிடம் சண்டை போடாதீர்கள்.

நாள்பட்ட நோய்தான் வேறு கணக்கு. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, ஆஸ்துமா எல்லாம் இதில் அடங்கும், பச்சைக்கும் மானியம் உண்டு. ஒரே ஒரு நோய், சிக்கல் எதுவும் இல்லை என்றால் நீல அட்டைக்கு ஒரு தடவைக்கு 80 வெள்ளி வரை, வருடத்துக்கு 320 வரை. இரண்டு நோய் சேர்ந்துவிட்டால் 125, வருடத்துக்கு 500. நம் வீடுகளில் சர்க்கரையும் பிரஷரும் ஜோடியாகத்தானே வருகின்றன. மிச்சத் தொகையை மெடிசேவிலிருந்து எடுக்கலாம், பொதுவாக 15 விழுக்காட்டை ரொக்கமாகக் கட்டணும்.

பிடித்துப்போனால் பதிந்துவிடுங்கள்

40 வயதும் அதற்கு மேலும் என்றால் 2023 ஜூலையில் வந்த ஹெல்தியர் எஸ்ஜியில் அந்த கிளினிக்கையே உங்கள் கிளினிக்காகப் பதியலாம், ஹெல்த்ஹப் செயலியில் சில நிமிட வேலை. முதல் சுகாதாரத் திட்டச் சந்திப்பு இலவசம். குடிமக்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட பரிசோதனைகளும் தடுப்பூசிகளும் அங்கே இலவசம், நாள்பட்ட நோய்க்கு மெடிசேவ் எடுக்கும்போது அந்த 15 விழுக்காட்டு ரொக்கமும் கட்ட வேண்டாம். முதல் தடவை போய்ப் பார்த்த கையோடு பதியாதீர்கள். சாதாரணக் காய்ச்சலுக்கு ஒருதடவை போங்கள், டாக்டர் கணினியைப் பார்த்துப் பேசுகிறாரா உங்களைப் பார்த்துப் பேசுகிறாரா என்று கவனியுங்கள், பிறகு முடிவெடுங்கள். பின்னால் மனம் மாறினால் கிளினிக்கை மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது.

குடியுரிமை இல்லாதவர்களுக்கு

நிரந்தரவாசிகளுக்கு சாஸ் கிடையாது, ஆனால் மெடிசேவும் ஹெல்தியர் எஸ்ஜி பதிவும் உண்டு. வொர்க் பெர்மிட், எஸ் பாஸ் என்ற வேலை அனுமதிகளில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு முதலாளி கட்டாயம் எடுக்கும் 60,000 வெள்ளிக் காப்பீடு ஆஸ்பத்திரியில் படுப்பதற்கும் அன்றே வீடு திரும்பும் அறுவை சிகிச்சைக்கும்தான். விடுதியில் தங்கும் ஊழியர்களுக்கு 2022 ஏப்ரலிலிருந்து ஆரம்பச் சிகிச்சைத் திட்டம் தனியாக இருக்கிறது, எந்த கிளினிக்குக்குப் போகணும் என்று கம்பெனியில் கேட்டு, உடம்பு நன்றாக இருக்கும்போதே அந்த முகவரியைப் போனில் சேமித்து வையுங்கள்.