ரெண்டு வருஷ கிரீன் கார்டோடு ஊருக்குக் கிளம்பும் முன்

போன வாரம் எங்கள் அபார்ட்மென்டில் ஒரு பெண் சூட்கேஸை எடை போட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி அமெரிக்கா வந்து இரண்டு வருஷம் தாண்டிவிட்டது, தம்பி கல்யாணத்துக்குத் திருச்சி போகிறாள். "கார்டு தேதி முடிஞ்சிருச்சுக்கா. ஆனா எக்ஸ்டென்ஷன் லெட்டர் வந்திருச்சு, போன்ல போட்டோ எடுத்து வெச்சிருக்கேன்" என்றாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2019-ல் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

பாஸ்போர்ட்டை மறக்காதே, டிக்கெட்டை இரண்டு முறை பார் என்பதையெல்லாம் உங்கள் அம்மாவே சொல்லிவிடுவார். நான் மற்றதைச் சொல்கிறேன்.

கடிதத்தின் அசலை வீட்டில் விட்டுவிட்டுப் போவது

கல்யாணமாகி இரண்டு வருஷம் நிறைவதற்குள் கணவனோ மனைவியோ வழியாக நிரந்தரவாசி ஆனவர்களுக்கு முதலில் கிடைப்பது இரண்டு வருஷ கார்டுதான். அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் அந்த இரண்டு வருஷ நிபந்தனையை நீக்கச் சொல்லி ஐ-751 மனு போட வேண்டும். போட்ட பிறகு தபாலில் ஐ-797 ரசீதுக் கடிதம் வரும். தேதி முடிந்த கார்டுக்கு உயிர் கொடுப்பது அந்த ஒற்றைத் தாள்தான். எனக்கு 18 மாதம் நீட்டித்தார்கள். 2023 ஜனவரியிலிருந்து 48 மாதம் தருகிறார்கள். கார்டில் அச்சிட்ட முடிவுத் தேதியிலிருந்து எண்ண வேண்டும், கடிதம் வந்த நாளிலிருந்து அல்ல.

நான் போட்ட கணக்கு இது: அமெரிக்காவில் இறங்கினால் இமிக்ரேஷன் அதிகாரியின் கம்ப்யூட்டரில் எல்லாம் தெரியும், தாள் எதற்கு? அமெரிக்காவில் இறங்க வேண்டுமென்றால் முதலில் சென்னையில் ஏற வேண்டும் என்பதை மறந்துபோனேன். சரியான ஆவணம் இல்லாத பயணியை ஏற்றி வந்தால் விமான நிறுவனத்துக்கு அபராதம் விழும். அதனால் செக்-இன் கவுன்டரில் இருப்பவர் நம்மைவிடப் பயந்தவர். கார்டைத் திருப்பினார், தேதியைப் பார்த்தார், "லெட்டர் ஒரிஜினல் மேடம்?" என்றார். போனை நீட்டினேன். சூப்பர்வைசர் வந்தார், யாருக்கோ போன் செய்தார், தலையாட்டினார். பெல்ட்டில் ஏறியிருந்த இரண்டு 23 கிலோ பெட்டிகளும் இறங்கி வந்தன, அம்மா கட்டிக் கொடுத்த பருப்புப் பொடியோடு. விடிகாலை மூன்று மணி. அப்பா கார் பார்க்கிங்கிலிருந்து இன்னும் கிளம்பியிருக்கவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல்.

அசல் கடிதம் எங்கள் சமையலறை இழுப்பறையில், பீட்சா கூப்பன்களுக்கு அடியில் கிடந்தது. கணவர் தேடி எடுத்து கூரியரில் அனுப்பி, அது வந்து சேர ஆறு நாள். மாற்று டிக்கெட்டோடு சேர்த்து 800 டாலருக்கு மேல் போனது, ஆபீஸில் சம்பளமில்லா விடுப்பு வேறு. பணம் போனதைக்கூட மறந்துவிட்டேன். கார்டோடு சேர்த்துக் காட்டு என்று அந்தக் கடிதமே சொல்கிறது, நான்தான் படிக்கவில்லை. அந்த எரிச்சல் இன்றைக்கும் போகவில்லை.

இதில் சொந்தக்காரர்களின் அறிவுரை வேறு. "என் கார்டு தேதி முடிஞ்சும் நான் வந்தேனே, ஒண்ணும் கேக்கல" என்றார் ஒரு மாமா. அவருடையது பத்து வருஷ கார்டு. பத்து வருஷ கார்டின் தேதி முடிந்திருந்தாலும் விமானத்தில் ஏற்றிக்கொள்ளலாம் என்று அமெரிக்க எல்லைக் காவல் துறையே விமான நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. இரண்டு வருஷ கார்டுக்கு அந்தச் சலுகை இல்லை. யார் கதை சொன்னாலும், அவர் கையில் இருந்தது எந்தக் கார்டு என்று முதலில் கேளுங்கள்.

இன்னொன்று, மனு போட்ட மறுநாளே கடிதம் வந்துவிடாது. அது கைக்கு வரும் முன் டிக்கெட் போடாதீர்கள். கடிதம் தொலைந்தே போயிருந்தால், கிளம்பும் முன் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ்ஸை அழைத்து, நிரந்தரவாசி என்பதற்குத் தற்காலிகச் சான்றான ஐ-551 முத்திரையை பாஸ்போர்ட்டில் வாங்கப் பாருங்கள்.

"ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அமெரிக்காவுல தலையைக் காட்டினா போதும்"

போதாது. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டுகிறார்கள். தொடர்ந்து 180 நாளுக்கு மேல் வெளியே இருந்துவிட்டுத் திரும்பினால், புதிதாக அனுமதி கேட்டு வருபவரைப் போல உங்களைக் கேள்வி கேட்கலாம். அதற்குக் குறைவாக இருந்தாலும், வீடு இந்தியாவில், விடுமுறை அமெரிக்காவில் என்று வாழ்வதாக அதிகாரிக்குத் தோன்றினால் அதே கேள்விகள்தான். ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஆகிவிட்டால் வெறும் கார்டு போதாது, ரீ-என்ட்ரி பெர்மிட் வேண்டும். அதற்கான ஐ-131 மனுவை அமெரிக்காவில் இருக்கும்போதே போட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெர்மிட்டை நம்பி ஐ-751-ஐத் தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் மதுரையில் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தாலும் அந்த 90 நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

பெயர்

நம் ஊர் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயராகிவிடும், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யு (முதல் பெயர் தெரியவில்லை) என்று நிற்கும். பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது கணவர் பெயரையும் சேர்த்தால் கார்டில் ஒருத்தி, பாஸ்போர்ட்டில் வேறொருத்தி. டிக்கெட் பாஸ்போர்ட் பெயரில் இருக்கட்டும், திருமணச் சான்றிதழ் கைப்பையில் இருக்கட்டும்.

ஐ-407

விமான நிலையத்தில் அதிகாரி இந்தப் படிவத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். அது கார்டை நீங்களே விட்டுக்கொடுக்கும் படிவம். குடியேற்ற நீதிபதி முன் வாதாட உங்களுக்கு உரிமை உண்டு.

தபால் பெட்டி

நீங்கள் இல்லாதபோது ஐ-751 மனுவுக்காகக் கைரேகைக்கு அழைப்பு தபாலில் வரலாம். சாவியை யாரிடமாவது கொடுங்கள்.

அந்தப் பெண் சூட்கேஸை அப்படியே போட்டுவிட்டு மேலே ஓடினாள். கரண்ட் பில்களுக்கு நடுவிலிருந்து கடிதத்தை எடுத்து வந்து, "லேமினேட் பண்ணிரட்டுமாக்கா?" என்றாள்.

வேண்டாம், ஒரு பிளாஸ்டிக் கவர் போதும் என்றேன்.