ஸ்பிரிங் எவ்வளவு நீளும்? ஐந்து கடுகு பாக்கெட்டால் அளக்கலாம்

ஹார்டுவேர் கடையில் இழுக்கிற வகை ஸ்பிரிங் ஒன்று கேளுங்கள். சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டபடி இருக்கும், இரண்டு முனையிலும் கொக்கி இருக்கும். விரலால் இழுத்தாலே நீள வேண்டும், அவ்வளவு மெல்லிசாகப் பாருங்கள். அப்படியே மளிகைக் கடையில் 100 கிராம் கடுகு பாக்கெட் ஐந்து. (தாளிக்க உதவும், வீணாகாது.)

ஸ்பிரிங்கை ஜன்னலின் குறுக்குக் கம்பியில் மாட்டி, கீழ்க்கொக்கியில் ஒரு பையைத் தொங்கவிடுங்கள். பக்கத்தில் ஸ்கேலை டேப் போட்டு ஒட்டுங்கள். காலிப் பையோடு கொக்கி நிற்கும் இடம்தான் உங்கள் பூஜ்யம்.

இனி ஒவ்வொரு பாக்கெட்டாகப் போட்டு, ஆட்டம் நின்றதும் குறியுங்கள். கண் கொக்கிக்கு நேராக இருக்கட்டும். மேலிருந்து பார்த்தால் அளவு தப்பும். 100 கிராமைப் பூமி இழுக்கும் விசை ஏறத்தாழ 1 நியூட்டன். பாக்கெட்டுக்கு 2 செ.மீ. நீள்கிறது என்றால், 1-ஐ 0.02 மீட்டரால் வகுங்கள்: மீட்டருக்கு 50 நியூட்டன். இதுதான் அந்த ஸ்பிரிங்கின் விசை மாறிலி.

முதல் பாக்கெட்டுக்கு மட்டும் குறைவாக நீள்கிறதா? நீங்கள் தப்பாக அளக்கவில்லை. இந்த வகை ஸ்பிரிங்கை இறுக்கமாகவே சுற்றுவார்கள். சுற்றுகள் பிரியவே கொஞ்சம் விசை வேண்டும். அதன் பிறகு வரும் சம இடைவெளியைத்தான் ஹூக் விதி என்கிறோம். ராபர்ட் ஹூக் இதை 1676-இல் எழுத்துகளைக் கலைத்துப் போட்டுப் புதிராக வெளியிட்டார். விடையைச் சொன்னது 1678-இல்!

அளவுக்கு மீறி இழுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க, பழைய பேனா ஸ்பிரிங் ஒன்றைப் பலி கொடுங்கள். கையால் நன்றாக இழுத்து விடுங்கள். பழைய நீளத்துக்குத் திரும்பாது, மீட்சி எல்லையைத் தாண்டிவிட்டது.

சரி, ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ரப்பர் பேண்டை மாட்டுங்கள். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். பாக்கெட் போடும்போது மட்டுமல்ல, ஒவ்வொன்றாக எடுக்கும்போதும் குறியுங்கள். ஸ்பிரிங்கில் ஏறும் அளவும் இறங்கும் அளவும் ஒன்றுதான். ரப்பரில் அப்படி இல்லை: அதே மூன்று பாக்கெட்டுக்கு, எடுக்கும்போது நீளம் கூடுதலாக இருக்கும். இழுக்க நாம் செலவழித்த ஆற்றலில் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடுகிறது. இடைவெளிகளும் சமமாக வராது. மறுபடி செய்து பார்க்கப் புது ரப்பர் பேண்ட் எடுங்கள். ஒருமுறை நன்றாக நீண்டது அடுத்த முறை இன்னும் எளிதாக நீளும்.