ஏழில் விழுந்ததற்கு டப்பாவைத் திட்டாதீர்கள்: ஏர் பிஸ்டல் பழகுவோர் செய்யும் தவறுகள்

"ரிவால்வருக்கு நாமே தோட்டா நிரப்பிக்கொள்ளலாமா சார்? அமெரிக்காவில் எல்லாரும் செய்கிறார்களே!" காணொளி பார்த்துவிட்டு இப்படிக் கேட்பவர்கள் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் அவ்வப்போது அகப்படுகிறார்கள். கேட்பவர் உரிமம் பெற்றவராக இருப்பார். அல்லது உரிமம் பெற்றவரின் மருமகனாக இருப்பார். அங்கே சுட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து மீண்டும் தோட்டாவாக்கி இலக்குப் பயிற்சிக்கு வைத்துக்கொள்வது சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. இங்கே அப்படியில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவுப்படி தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கொடுத்த உரிமம் அதற்குச் செல்லாது. 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இந்தக் குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லிக் காவல்துறை மலையோர ஊர்களில் அறிவிப்புச் செய்யும் வட்டாரம் இது. கருமருந்தை வீட்டில் வைத்துக்கொண்டு பொழுதுபோக்கு என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் ஆசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு குண்டும் முந்தைய குண்டைப் போலவே போக வேண்டும் என்பதுதானே அது? அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்ள 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போதும். 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் உரிமத்திலிருந்து விலக்கு அளிக்கின்றன. போட்டிக்கான பிஸ்டல்கள் 10 ஜூலைக்கூடத் தொடுவதில்லை. மனு பாக்கர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலம் வென்றதும் இந்த வகைப் பிஸ்டலில்தான்.

இதிலும் தவறுகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் முதன்மையானது, எடுத்த எடுப்பில் பெல்லட்டின் மேல், அதாவது டப்பாவில் வரும் சிறு ஈயக் குண்டின் மேல், பழி போடுவது.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஏர் பிஸ்டலுக்கான இலக்கு அட்டையில் பத்தாம் வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். பெல்லட்டின் விளிம்பு அந்தக் கோட்டைத் தொட்டாலே பத்துப் புள்ளி. அதாவது குண்டின் மையம் நடுப்புள்ளியிலிருந்து 8 மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் பத்துதான். இனி, குறி பார்க்கக் குழல் முனையில் இருக்கும் முன்குறியைப் பாருங்கள். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விசையை அழுத்தும் கணத்தில் முன்குறி பின்குறியின் பிளவுக்குள் ஒரே ஒரு மில்லிமீட்டர் இடப்பக்கம் ஒதுங்கினால், 10 மீட்டர் தொலைவில் குண்டு 28 மில்லிமீட்டருக்கு மேல் விலகிவிடும். பத்து ஏழாகிவிடும். மிக உயர்ந்த ஜெர்மன் டப்பாவை வாங்கி வந்தாலும் அந்த ஏழு ஏழுதான்.

ஏர் ரைஃபிள் சுடுபவர்களின் கதை வேறு. அவர்களுடைய பத்து வெறும் அரை மில்லிமீட்டர்ப் புள்ளி. குண்டின் மையம் இரண்டரை மில்லிமீட்டர் விலகினால் பத்து போய்விடும். பெல்லட் தேர்வில் அவர்கள் காட்டும் பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பிடிவாதத்தை மட்டும் பிஸ்டல்காரர்கள் கடன் வாங்கிக்கொள்கிறார்கள்.

அடுத்தது எடை போடும் மோகம். நகைக்கடைத் தராசு போன்ற சிறு மின்னணுத் தராசை வாங்கி, ஒவ்வொரு பெல்லட்டையும் நிறுத்துப் பிரித்து வைக்கிறார்கள். பிஸ்டலுக்கான பெல்லட் ஏறக்குறைய 0.45 கிராம் இருக்கும். அதில் நூற்றில் ஒரு பங்கு கூடினால் என்ன ஆகும்? நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு 10 மீட்டரைக் கடக்கும்போது புவியீர்ப்பால் சுமார் 2 சென்டிமீட்டர் இறங்குகிறது. எடை ஒரு சதவீதம் கூடினால் வேகம் அரை சதவீதம் குறையும்; இறக்கத்தில் வரும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த மாலைப்பொழுதை எடை போடுவதில் கழிப்பதற்குப் பதில், குண்டு போடாமல் வெறும் பிஸ்டலை ஏந்தி விசையை அழுத்திப் பழகினால் மதிப்பெண் ஏறும்.

ஓசூர் சிப்காட்டில் வேலை செய்பவர்களிடம் இன்னொரு நுட்பமான தவறைக் காணலாம். கையில் வெர்னியர் காலிப்பர் இருக்கிறது, அளக்கத் தெரிந்த கண்ணும் இருக்கிறது. பெல்லட்டின் தலை 4.49 மில்லிமீட்டரா, 4.50ஆ என்று அளக்கத் தொடங்கிவிடுவார்கள். ஈயம் மென்மையானது. காலிப்பரின் தாடை இறுகும்போதே தலை சற்று நசுங்கிவிடும்; அளவும் பொய், குண்டும் கெட்டது. எஃகு ஊசியை அளக்கும் பழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. எந்தத் தலையளவு உங்கள் குழலுக்குப் பொருந்துகிறது என்பதை அட்டையில் விழும் ஓட்டைகளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய தலை இறுக்கமாகப் போவதால் துல்லியம் கூடும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் கிடையாது. சில குழல்களுக்கு 4.48 பிடிக்கும், சிலவற்றுக்கு 4.51.

அட்டையைக் கேட்பதிலும் முறை உண்டு. கையால் பிடித்துச் சுட்டுப் பெல்லட்டைச் சோதித்தால் உங்கள் மணிக்கட்டைத்தான் சோதிக்கிறீர்கள். பட்டறை வைஸில் ரப்பர் சுற்றிப் பிஸ்டலின் உடலை, குழலை அல்ல, பிடிக்கச் செய்து, ஒவ்வொரு வகையிலும் பத்துப் பத்தாகச் சுட வேண்டும். மூன்று குண்டு ஒரே ஓட்டையில் விழுந்ததும் முடிவுக்கு வருபவர்கள் பலர். மூன்று குண்டு எந்தப் பெல்லட்டுக்கும் ஒருநாள் அப்படி விழும். பத்தில் ஒன்று மட்டும் வெளியே போனால் அதை விட்டுவிட்டு ஒன்பதை அளப்பது அதைவிட மோசம்; வைஸில் இருக்கும் பிஸ்டலுக்குக் கை நடுக்கம் ஏது? ஓட்டைக் கூட்டத்தின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புவரை அளந்து 4.5 மில்லிமீட்டரைக் கழித்தால் உண்மையான பரவல் கிடைக்கும். குழலைத் துடைத்த உடனே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். துடைத்த குழல் மீண்டும் ஈயம் பூசிக்கொள்ளும்வரை முதல் சில குண்டுகள் அலையும்.

சோதனையில் ஒரு பெல்லட் தேறியதும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அந்த டப்பாவில் அச்சிட்டிருக்கும் தொகுப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணில் இன்னும் சில டப்பாக்கள் வாங்கி வைப்பது. பெயரும் நிறமும் ஒன்றாக இருந்தாலும் அடுத்த தொகுப்பு வேறு அச்சில் அழுத்திச் செய்ததாக இருக்கலாம்.

டப்பாவைக் கையாளும் விதத்தில் நடக்கும் சேதம் யார் கண்ணிலும் படுவதில்லை. பெல்லட்டின் பின்புறம் குழிவானது, விளிம்பு மெல்லியது. காற்றழுத்தம் அந்த விளிம்பைத் தள்ளி விரித்து, குழலின் உள்ளே இருக்கும் சுருள் வரிகளோடு ஒட்டவைக்கிறது. விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருந்தால் குழல் வாயில் காற்று ஒருபுறமாகப் பீறிடும், குண்டு சாய்ந்து கிளம்பும். ஐந்நூறு பெல்லட் கொண்ட டப்பாவைப் பைக் பெட்டியில் போட்டுப் பாலக்கோடு சாலையில் குலுங்கக் குலுங்கக் கொண்டுபோனால் உள்ளே என்ன நடக்கும்? டப்பாவின் வெற்றிடத்தில் பஞ்சு வைத்து மூடுங்கள். சந்தேகம் இருந்தால் லேசாகச் சாய்த்த கண்ணாடித் தகட்டில் பெல்லட்டை உருட்டிப் பாருங்கள். நல்லது சீராக வளைந்து உருளும்; நசுங்கியது தத்தித் தத்தி வழி மாறும். குழலுக்குள் கட்டைவிரலால் கோணலாக அழுத்தித் திணிப்பதும் இதே சேதத்தைத்தான் செய்கிறது.

அட்டையில் தட்டைத் தலை பெல்லட்தான் சுத்தமான வட்ட ஓட்டை போடும். கூர்முனையும் உருண்டை முனையும் காகிதத்தைக் கிழிக்கும், மதிப்பெண் சண்டை வரும். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இங்கே தவறினால் போவது புள்ளி மட்டுமல்ல. போட்டிப் பிஸ்டலில் காற்றை அடைத்து வைக்கும் சிலிண்டர் 200 பார் அழுத்தம் தாங்கும். நிரப்பும் வசதி அருகில் இல்லை என்று வெல்டிங் பட்டறை ஆக்ஸிஜனை நிரப்பலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்த ஆளிடமிருந்து பிஸ்டலைத் தூரமாக வையுங்கள். உயர் அழுத்த ஆக்ஸிஜனும் எண்ணெய்ப் பசையும் சந்தித்தால் வெடிக்கும். ஸ்பிரிங் துப்பாக்கியில் வழுவழுப்புக்காகத் தேங்காய் எண்ணெய் விடுவதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த தவறுதான். அமுங்கும் காற்றின் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்ளும், குண்டு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு வேகத்தில் போகும், உள் வளையங்கள் தீய்ந்துவிடும். சித்திரை வெயிலில் தருமபுரி பஸ் நிலையத்துக்கு வெளியே நிறுத்திய காருக்குள் முழுதாக நிரப்பிய சிலிண்டரை விட்டுவிட்டுச் சாப்பிடப் போவதும் வேண்டாம். 27 டிகிரியில் 200 பார் இருந்தது 60 டிகிரியில் 222 பார் ஆகும். சிலிண்டரில் தயாரித்த ஆண்டு பொறித்திருக்கும். பத்து ஆண்டு கடந்ததைச் சர்வதேசப் போட்டி விதிகள் ஏற்பதில்லை. பழைய பிஸ்டல் வாங்குபவர்கள் விசையைத் தட்டிப் பார்க்கிறார்கள், அந்த ஆண்டைப் பார்ப்பதில்லை.

பெல்லட்டுகளை உதட்டில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஈயம் உடலில் சேரும் நஞ்சு. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் டீயைத் தொட வேண்டும். அட்டைக்குப் பின்னால் குண்டைப் பிடிக்கும் தடுப்புப் பெட்டியில் சேர்ந்த ஈயத்தை உருக்கி மறுபடி குண்டு வார்க்கும் யோசனையும் வேண்டாம். புகையை மூச்சில் இழுத்ததுதான் மிச்சமாகும்.

கடைசியாக, மாங்காய்ப் பருவம். பெங்களூராவும் செந்தூராவும் காய்த்துத் தொங்கும்போது, பயிற்சிக்கு வாங்கிய ஏர் கன் தோப்புக்குப் போய்விடுகிறது. பச்சைக்கிளியும் மயிலும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம் என்பதால் கிளியைச் சுடலாம் என்றாகிவிடாது. வழக்கு வந்தால் துப்பாக்கியும் பறிமுதல் ஆகும். கிளிக்கு வலை கட்டுங்கள். பிஸ்டலைப் பெட்டியில் வைத்து, பெல்லட் டப்பாவைப் பிள்ளைகளுக்கு எட்டாத அலமாரியில் தனியாகப் பூட்டுங்கள்.