கிடெப்போவுக்கு நாமே வண்டி ஓட்டிப் போவது எப்படி?

உகாண்டாவின் வடகிழக்கு மூலையில், தெற்கு சூடான் எல்லையை ஒட்டி இருக்கிறது கிடெப்போ பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா. 1962இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 1,442 சதுர கிலோமீட்டர். உகாண்டாவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மலைக் கொரில்லாக்களைத் தேடித் தென்மேற்கே போய்விடுகிறார்கள். அதனால் இங்கே காலை முழுக்கச் சுற்றினாலும் எதிரே இன்னொரு வண்டி வராது. குட்டி விமானத்தில் போகலாம், செலவு தாங்காது. நாங்கள் மூன்று பேர் கம்பாலாவில் வண்டி எடுத்து ஓட்டிக்கொண்டே போய் வந்தோம். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் ஊசி, அப்புறம் விசா

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழை இணையத்தில் விசா விண்ணப்பிக்கும்போதே கேட்கிறார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லும். அதன்பின் ஆயுளுக்கும் போதும். மலேரியா மாத்திரையையும் மருத்துவரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.

2. மாதம்

டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை. அப்போது புல் காய்ந்திருக்கும், தண்ணீர் தெற்கே நாருஸ் பள்ளத்தாக்கில் மட்டும் மிஞ்சும். எருமைகள் நூற்றுக்கணக்கில் அங்கே வந்து சேரும், பின்னாலேயே சிங்கமும் வரும். மழைக்காலத்தில் வேண்டாம். அங்கே இருப்பது கரிசல் மண். நனைந்தால் என்ன ஆகும் என்று கரிசல் காட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

3. வண்டியை எடுக்கும் இடத்திலேயே சக்கரத்தைக் கழற்றுங்கள்

லைசென்ஸ், காப்பீடு எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. உகாண்டாவிலும் இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும், பழகுவதற்கு ஒன்றுமில்லை. நான் சொல்ல வந்தது ஸ்டெப்னியைப் பற்றி.

வண்டியை வாங்கும்போது ஸ்டெப்னி இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டேன். பூங்காவுக்குப் போகும் வழியில் கிட்கும் என்ற ஊரைத் தாண்டி, மண் சாலையில் பின்பக்க இடது டயர் பஞ்சர். ஸ்பேனரை நட்டில் மாட்டித் திருப்பினால் அது சும்மா சுற்றுகிறது. நட்டை விட ஸ்பேனரின் வாய் ஒரு நூல் பெரிது. வேறு ஏதோ வண்டியின் ஸ்பேனர். துணியைத் திணித்துப் பார்த்ததில் நட்டின் முனைகள் மழுங்கியதுதான் மிச்சம். ஜாக்கியைப் போட்டுப் பார்த்தால் வண்டி மேலே ஏறவில்லை, ஜாக்கி மண்ணுக்குள் இறங்கியது. போனில் சிக்னல் இல்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு லாரி வந்தது. கிளீனர் பையன் சிலுவை ஸ்பேனரையும் ஒரு பலகைத் துண்டையும் எடுத்து வந்து, பலகையை ஜாக்கிக்கு அடியில் வைத்து, கால் மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்தான்.

அதனால், வண்டிக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இதைச் செய்யுங்கள்:

- அந்த வண்டியின் ஸ்பேனரை வைத்தே ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு நட்டையாவது தளர்த்தி, திரும்ப முறுக்குங்கள்.
- சிலவற்றில் ஸ்டெப்னி அடியில் சங்கிலியில் தொங்கும். துருப்பிடித்தால் இறங்காது. இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். அதில் காற்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.
- ஒரு சாண் அகலப் பலகை ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.
- ஸ்டெப்னி இரண்டாக இருக்கட்டும். ஒன்றுதான் தருவோம் என்றால் நான் அந்த வண்டியை எடுக்க மாட்டேன்.

காற்றடிக்கும் கம்ப்ரஸர் வாங்குவதாக இருந்தால் பேட்டரியில் கிளிப் மாட்டுகிற வகையே வாங்குங்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் வகை பெரிய டயருக்குத் திணறும், ஃபியூஸும் போகும்.

4. வழியும் டீசலும்

கம்பாலாவிலிருந்து குலு, அங்கிருந்து கிட்கும், அப்புறம் பூங்கா. ஒரே நாளில் போக முயலாதீர்கள், இருட்டில் மாடும் ஆளும் தெரியாது. குலுவிலோ கிட்குமிலோ இரவு தங்குங்கள். கிட்குமில் டேங்கை முழுக்க நிரப்பிவிடுங்கள். அதற்கப்பால் பங்க் இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. போக, வர, உள்ளே இரண்டு நாள் சுற்ற என்று 500 கிலோமீட்டருக்குக் கணக்குப் போடுங்கள். மெதுவாக, கீழ் கியரில் ஓடும்போது லிட்டருக்கு 5 கிலோமீட்டர்தான் கிடைக்கும் என்று வைத்தால் 100 லிட்டர். டேங்க் போதாது, 20 லிட்டர் கேன் ஒன்று கூட வேண்டும். வரைபடத்துக்கு நான் ஆர்கானிக் மேப்ஸ் செயலியைத்தான் சொல்வேன். உகாண்டா முழுவதையும் முன்கூட்டியே இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாமலும் வழி காட்டும்.

5. உள்ளே

தங்குவதற்கு அபோகாவில் வனவிலங்குத் துறையின் குடில்கள் இருக்கின்றன. அரிசி, பருப்பு, தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். சுற்றும்போது துப்பாக்கி ஏந்திய ரேஞ்சர் ஒருவரை வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு இருக்கை காலியாக வேண்டும். நாங்கள் பின்சீட்டு நிறையப் பை அடுக்கி வைத்திருந்தோம், விடியற்காலையில் எல்லாவற்றையும் இறக்க வேண்டியதாயிற்று.

நாருஸோடு திரும்பிவிடாதீர்கள். வடக்கே கனங்கொரோக் வெந்நீர் ஊற்றுப் பக்கம் ஒரு நாள் போய் வாருங்கள். நெருப்புக்கோழிகளை அந்தப் பக்கம்தான் பார்த்தோம். வழியில் கிடெப்போ ஆறு குறுக்கிடும். வறண்ட காலத்தில் வெறும் மணல், இரு கரையிலும் பனைமரங்கள். நம் பனைக்கு நெருங்கிய உறவான ஆப்பிரிக்கப் பனை. கிடெப்போ என்ற பெயரே ‘பொறுக்குதல்’ என்ற பொருளுள்ள உள்ளூர்ச் சொல்லிலிருந்து வந்ததாம். அந்தக் காலத்தில் பனம்பழம் பொறுக்க வருவார்களாம். அன்றும் மணலில் நாலைந்து ஆரஞ்சு நிறப் பழங்கள் கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்தேன்.

அந்தப் பக்கம் செட்சி ஈ உண்டு. ஜீன்ஸைத் துளைத்துக் கடிக்கும். நீலமும் கறுப்பும் அதை இழுக்கும் நிறங்கள், காக்கி உடுத்துங்கள்.

பின்சேர்க்கை: 60 வயது கடந்த அம்மாவை அழைத்துப் போகலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்த வயதில் மஞ்சள் காய்ச்சல் ஊசியை யோசித்துத்தான் போடுவார்கள். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொருவர் அலாய் சக்கரத்தில் பூட்டு நட்டு இருந்ததை வழியில்தான் கண்டுபிடித்தாராம். அதற்குத் தனிச் சாவி உண்டு. வண்டியை எடுக்கும்போதே கேட்டு வாங்கி டாஷ்போர்டுப் பெட்டியில் போட்டுவையுங்கள்.